சீழ்க்கையை அப்படியே வைத்துக்கொள்: பில்லி ஜோயலின் 'தி ஸ்ட்ரேஞ்சர்' உருவான கதை

1977ஆம் ஆண்டின் கோடைக்காலம். நியூயார்க்கில் ஏ அண்ட் ஆர் ஸ்டுடியோ. 28 வயதுப் பியானோ கலைஞர் ஒருவர் தன் புதுப் பாட்டின் தொடக்கத்தை வாசித்துக் காட்டுகிறார். ராத்திரி நேரத்துத் தெரு மாதிரி மெதுவாக, சோகமாக நகரும் பியானோ. அதற்கு மேல் ஒரு மெட்டு வரவேண்டும். அதை எந்த வாத்தியத்தில் வாசிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் மெட்டை வாயால் சீழ்க்கை அடித்துக் காட்டிவிட்டு, இதற்கு எதை வைக்கலாம் என்று தயாரிப்பாளரிடம் கேட்கிறார். வேறு எதுவும் வேண்டாம், இந்தச் சீழ்க்கையேதான் அது என்கிறார் தயாரிப்பாளர்.

பியானோவில் இருந்தவர் பில்லி ஜோயல். தயாரிப்பாளர் ஃபில் ரமோன். அந்தச் சீழ்க்கை இன்றும் 'தி ஸ்ட்ரேஞ்சர்' என்ற பாட்டின் தொடக்கத்தில் இருக்கிறது. அதே பெயர் கொண்ட ஆல்பத்தை 1977 செப்டம்பர் 29 அன்று கொலம்பியா ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. மொத்தம் ஒன்பது பாடல்கள், 42 நிமிடத்துக்குச் சற்று மேல். அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் போன ஆல்பம் அது.

இதன் கதையைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. இதில் நாம் கொண்டாடும் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கட்டத்தில் தூக்கிப் போடப்பட இருந்தது. அந்தச் சீழ்க்கை, கூட வாசித்த குழு, ஆல்பத்தின் மிகப் பெரிய வெற்றிப் பாட்டு, பாதியில் நின்றுபோயிருந்த மூன்று பாட்டுத் துண்டுகள் என்று எல்லாமே. யாரோ ஒருவர் குறுக்கே நின்று, வேண்டாம், இருக்கட்டும் என்று சொன்னதால்தான் அவை நம் காதுவரை வந்தன.

ஜோயல் 1949இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தவர். வளர்ந்தது லாங் ஐலண்டில் ஹிக்ஸ்வில் என்ற ஊரில். போர் முடிந்த பிறகு வரிசை வரிசையாக ஒரே அச்சில் வீடு கட்டிக் குடியேற்றிய புறநகர் அது. நாலு வயதிலேயே பியானோ வகுப்பு. பியானோ பையன் என்று தெருவில் கேலி செய்தார்கள் என்பதற்காகக் குத்துச்சண்டை கற்றுக்கொண்டு, அமெச்சூர் போட்டிகளில் 26 சண்டை போட்டு 22இல் ஜெயித்தார். மூக்கு உடைந்ததோடு அதை விட்டுவிட்டார். இரவெல்லாம் பாரில் வாசித்துவிட்டுத் தூங்கிப்போனதில் ஒரு தேர்வைத் தவறவிட, பள்ளிப் படிப்பும் முழுசாக முடியவில்லை.

முதல் தனி ஆல்பம் 1971இல் வந்தது. அதில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. மாஸ்டர் செய்யும்போது, அதாவது தட்டு அச்சிடுவதற்கான கடைசிப் பிரதியைத் தயாரிக்கும்போது, வேகத்தில் பிழை நேர்ந்து, நாடா கொஞ்சம் வேகமாக ஓடி, குரல் கீச்சுக் குரலாகிவிட்டது. அதைவிட மோசம் ஒப்பந்தம். தயாரிப்பாளர் ஆர்ட்டி ரிப்புடன் போட்ட அந்த ஒப்பந்தம் அவரைப் பல வருடங்களுக்குக் கட்டிப்போட்டது. அதிலிருந்து தப்பிக்க லாஸ் ஏஞ்சலஸ் போய், பில் மார்ட்டின் என்ற பெயரில் ஒரு பாரில் பியானோ வாசித்துப் பிழைத்தார். 'பியானோ மேன்' பாட்டு பிறந்தது அங்கேதான். கொலம்பியா நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டது. ஆனாலும் விற்கும் இசைத்தட்டுகளில் ரிப்புக்கும் ஒரு பங்கு போய்க்கொண்டே இருந்தது.

'பியானோ மேன்' ஓரளவு ஓடியது. அடுத்த ஆல்பம் சுமார். அதற்கடுத்து 1976இல் வந்த 'டர்ன்ஸ்டைல்ஸ்' அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 122ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அந்த ஆல்பத்தில் நடந்த ஒன்று நம் கதைக்கு முக்கியம். முதலில் அதை கொலராடோவின் கரிபூ ராஞ்ச் ஸ்டுடியோவில், எல்டன் ஜானின் குழுவில் வாசித்த ஆட்களை வைத்துப் பதிவு செய்தார்கள். தயாரிப்பாளர் ஜேம்ஸ் வில்லியம் குவர்சியோ. கேட்டுப் பார்த்த ஜோயலுக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு செலவு செய்தாயிற்றே என்று பார்க்காமல் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, நியூயார்க் திரும்பி, தன்னோடு ஊர் ஊராகப் போய் வாசிக்கும் லாங் ஐலண்ட் பையன்களை வைத்துத் தானே தயாரித்துப் பதிவு செய்தார். விற்பனையில் தோல்விதான். ஆனால் குழு உறுதியாகிவிட்டது: டிரம்ஸில் லிபர்ட்டி டெவிட்டோ, பேஸ் கிட்டாரில் டக் ஸ்டெக்மையர், சாக்ஸபோனில் ரிச்சி கன்னாட்டா.

அப்புறம் வந்தது அந்தப் பெரிய சோதனை. அடுத்த ஆல்பத்துக்குத் தயாரிப்பாளர் தேடும்போது ஜார்ஜ் மார்ட்டின் பெயர் அடிபட்டது. பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளர். ஜோயலோ பீட்டில்ஸைக் கேட்டுத்தான் இசைக்கே வந்தவர். அவர் குழு வாசிப்பதை நேரில் கேட்ட மார்ட்டின், ஜோயலோடு வேலை செய்யத் தயார் என்றும், ஆனால் குழு வேண்டாம், தேர்ந்த ஸ்டுடியோ வாத்தியக்காரர்களை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். நான்கு ஆல்பம் போட்டும் நிலைக்காத ஒருவர், தன் பதின்வயது தெய்வங்களின் தயாரிப்பாளரிடமிருந்து வந்த வாய்ப்பை எப்படி மறுப்பார்? ஜோயல் மறுத்தார். என்னை வேண்டுமென்றால் என் ஆட்களும் வேண்டும் என்பது அவர் நிலை. மார்ட்டினைக் குறை சொல்ல எதுவுமில்லை. அக்காலத்துத் தனிப்பாடகர்களின் ஆல்பங்களில் அதுதான் நடைமுறை. ஆனால் அந்த ஆல்பம் எப்படி ஒலித்திருந்தாலும், நமக்குக் கிடைத்திருக்கும் இந்த 'தி ஸ்ட்ரேஞ்சர்' கிடைத்திருக்காது.

1977 ஜூன் தொடக்கத்தில் ஜோயல் குழு நியூயார்க்கின் கார்னகி ஹால் அரங்கில் வாசித்தது. அவர்கள் வாசிப்பதை ரமோன் கேட்டார். அவருக்கு அந்த முரட்டுத்தனம் பிடித்திருந்தது. ஸ்டுடியோவிலும் இதே ஆட்கள் இதே மாதிரி வாசிக்கட்டும் என்றார். கதை அங்கேதான் திரும்பியது.

ரமோனைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். சிறு வயதில் வயலினில் மேதை என்று பெயர் எடுத்தவர். பிறகு சவுண்ட் இன்ஜினியராகி, 1950களின் கடைசியில் ஏ அண்ட் ஆர் ஸ்டுடியோவைக் கூட்டாகத் தொடங்கினார். பிரேசிலின் போசா நோவா இசையை உலகமெங்கும் கொண்டுபோன ஸ்டான் கெட்ஸ், ஜோவாவ் ஜில்பெர்ட்டோ ஆல்பத்துக்கு ஒலிப்பதிவு செய்தவர் அவர்தான். பாப் டிலன், பால் சைமன் என்று பலரோடு வேலை பார்த்தவர். இப்படிப்பட்ட அனுபவம் உள்ள ஒருவர் எல்லாவற்றிலும் தன் கையெழுத்தைப் போட்டிருக்கலாம். ரமோனின் கெட்டிக்காரத்தனம் வேறு மாதிரி. எதிரே இருப்பவரிடம் ஏற்கனவே என்ன இருக்கிறது என்று கேட்கும் காது அவருக்கு இருந்தது.

இங்கே பியானோ ராக் என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராக் இசை என்றதும் நம் மனக்கண்ணில் கிட்டார்தான் வரும். ஆனால் 1950களில் லிட்டில் ரிச்சர்டும் ஜெர்ரி லீ லூயிஸும் பியானோவை அடித்து நொறுக்கித்தான் ராக் அண்ட் ரோல் பாடினார்கள். 60களில் கிட்டார் முழுசாகக் கைப்பற்றிக்கொண்டது. அதற்குக் காரணமும் உண்டு. கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையில் ஓடலாம். கம்பியை வளைத்துச் சுரத்தை இழுக்கலாம். சத்தத்தை உறும வைக்கலாம். பியானோவோ இருந்த இடத்தில் இருக்கும். உள்ளே சுத்தியல் கம்பியைத் தட்டும், ஒலி எழும், அந்த நொடியிலிருந்தே தேயத் தொடங்கிவிடும். சுரத்தை வளைக்கவே முடியாது. அப்படியென்றால் பியானோவை வைத்து ராக் வாசிக்க ஒருவர் அதைத் தாளக்கருவி மாதிரித் தட்ட வேண்டும், கூடவே அதன் மரபான பழைய அழகையும் விட்டுவிடக் கூடாது. 70களில் எல்டன் ஜானும் கரோல் கிங்கும் இந்த வழியைத் திறந்து வைத்தார்கள். ஜோயலிடம் இரண்டு கையும் இருந்தது: பீத்தோவன் படித்த கை ஒன்று, பாரில் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று தட்டிப் பழகிய கை ஒன்று.

பதிவு நடந்தது ஜூலை, ஆகஸ்டில். அந்த ஜூலையில்தான் நியூயார்க் முழுவதும் ஒரு ராத்திரி மின்சாரம் போய்க் கடைகள் சூறையாடப்பட்டன. நகராட்சி திவாலாகும் நிலைக்குப் போய் இரண்டே வருடம் ஆகியிருந்தது. ஒரு பக்கம் ஆட வைக்கும் டிஸ்கோ இசை, இன்னொரு பக்கம் கோபமும் முரட்டுத்தனமுமான பங்க் இசை. இரண்டிலும் சேராமல், அந்த நகரத்தின் சாதாரண மனிதர்களைப் பற்றி ஜோயல் எழுதிக்கொண்டிருந்தார். ஸ்டுடியோவில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒன்றாக வாசித்தார்கள். ஒரு பாட்டுக்குச் சில டேக்குகள், அவ்வளவுதான். சுத்தமாக இருப்பதைவிட உயிரோடு இருப்பதை ரமோன் தேர்ந்தெடுத்தார்.

சரி, பாடல்களுக்கு வருவோம். முதல் பாட்டு 'மூவின் அவுட்'. மளிகைக் கடையில் வேலை செய்து காசு சேர்க்கும் ஆன்டனி, பகலில் போலீஸ்காரராகவும் இரவில் பாரில் ஊற்றிக் கொடுப்பவராகவும் உழைக்கும் சார்ஜென்ட் ஓலியரி. வசதியான வீடும் காரும் வாங்குவதற்காக முதுகை ஒடித்துக்கொள்ளும் இவர்களைப் பார்த்து, இதுக்காகவா இந்தப் பாடு, நான் கிளம்புகிறேன் என்கிறது பாட்டு. பியானோ இங்கே மெட்டு வாசிக்கவில்லை, வெட்டி வெட்டித் தட்டுகிறது. இந்தப் பாட்டுக்கு ஜோயல் முதலில் போட்டிருந்த மெட்டு வேறு. அவர் பாடிக் காட்டியதும், இது நீல் செடாக்காவின் 'லாஃப்டர் இன் த ரெயின்' மெட்டு அல்லவா என்று டெவிட்டோ கண்டுபிடித்துவிட்டார். வரிகளை வைத்துக்கொண்டு மெட்டைப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. முகத்துக்கு நேரே இப்படிச் சொல்லும் உரிமை தினக்கூலிக்கு வந்த ஸ்டுடியோ வாத்தியக்காரருக்கு இருந்திருக்குமா? கடைசியில் உறுமிக்கொண்டு போகும் கார் சத்தம் ஸ்டெக்மையரின் சொந்தக் கார்வெட்டுடையது.

இரண்டாவது, சீழ்க்கையோடு தொடங்கும் தலைப்புப் பாட்டு. அந்தத் தனிமையான தொடக்கம் முடிந்ததும் சட்டென்று கிட்டார் வெட்டிக்கொண்டு உள்ளே வருகிறது. நாம் எல்லாரும் ஒளித்து வைத்திருக்கும் இன்னொரு முகத்தைப் பற்றிய பாட்டு. ஆள் இல்லாத நேரத்தில் எடுத்துப் போட்டுப் பார்க்கும் முகம். அட்டைப்படமும் இதைத்தான் காட்டுகிறது. கறுப்பு வெள்ளைப் படம். கோட் போட்டு, வெறுங்காலோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கும் ஜோயல் தலையணையில் கிடக்கும் முகமூடியைப் பார்க்கிறார். சுவரில் குத்துச்சண்டைக் கையுறை தொங்குகிறது.

மூன்றாவதாக 'ஜஸ்ட் த வே யூ ஆர்'. கனவில் வந்த மெட்டு என்று ஜோயல் சொல்லியிருக்கிறார். அப்போதைய மனைவியும் மேலாளருமான எலிசபெத்துக்குப் பிறந்தநாள் பரிசாக எழுதியது. நீ மாறவே வேண்டாம், இருக்கிற மாதிரியே இரு என்பதுதான் சேதி. ஆனால் குழுவுக்கு இந்தப் பாட்டு பிடிக்கவே இல்லை. கல்யாண வீட்டில் வாசிக்கும் உருக்கப் பாட்டாகத் தெரிந்தது அவர்களுக்கு. ஜோயலுக்கும் நம்பிக்கை இல்லை. ஆல்பத்தில் சேர்க்காமல் விட்டுவிடலாம் என்ற முடிவுக்கே வந்திருந்தார்.

அதைக் காப்பாற்றியதில் இரண்டு படி உண்டு. முதல் படி தாளம். நேரான மெதுத் தாளத்தில் வாசித்தால் பாட்டு தூங்கி வழிந்தது. ரமோன் அதைப் பிரேசில் பாணி அசைவுக்கு மாற்றினார். போசா நோவாவைப் பதிவு செய்த அந்தப் பழைய அனுபவம் இங்கே கை கொடுத்திருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். அதிலும் ஜோயல் வழக்கமான பியானோவை விட்டுவிட்டு ஃபெண்டர் ரோட்ஸ் என்ற மின் பியானோவை வாசித்தார். அதன் ஒலி தண்ணீருக்கடியில் மணி அடித்த மாதிரி மங்கலாகத் ததும்பும். பின்னணியில் ஆஆ என்று ஓயாமல் மிதக்கும் குரல்களை டென் சிசி குழு 1975இல் 'ஐம் நாட் இன் லவ்' பாட்டில் செய்ததைப் போல அடுக்கடுக்காகச் சேர்த்தார்கள். அப்புறம் ஜாஸ் உலகின் ஃபில் வுட்ஸை அழைத்து ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசிக்க வைத்தார்கள். பாட்டு முழுக்க பாடகர் நிறுத்தி வைத்திருந்த தயக்கம் எல்லாம் அந்த இடையிசையில் உருகி ஓடுகிறது.

இரண்டாவது படி வெளியாட்களின் காது. அதே கட்டடத்தில் பதிவில் இருந்த பாடகிகள் லிண்டா ரான்ஸ்டாட்டும் ஃபீபி ஸ்னோவும் எட்டிப் பார்க்க வந்தபோது இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். இதைப் போய் விடப் போகிறீர்களா என்று இருவரும் அடித்துச் சொன்ன பிறகுதான் ஜோயல் மனசு மாறினார். அந்தப் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போய், அவருடைய முதல் பெரிய வெற்றியாகி, 1979 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவு, ஆண்டின் சிறந்த பாடல் என்ற இரண்டு விருதையும் வாங்கியது. பேரி வைட் பாடினார், ஃபிராங்க் சினாட்ரா பாடினார். எலிசபெத்தோடு ஜோயலுக்கு 1982இல் மணமுறிவு ஆனது. அதன் பிறகு பல வருடங்கள் அவரால் இந்தப் பாட்டை மேடையில் பாட முடியவில்லை. மாறவே வேண்டாம் என்று எழுதிய பாட்டு ஆயிற்றே.

முதல் பக்கத்தை முடித்து வைப்பது 'சீன்ஸ் ஃப்ரம் அன் இட்டாலியன் ரெஸ்டாரண்ட்'. என்னைக் கேட்டால் ஜோயல் எழுதியதிலேயே உச்சம் இதுதான். ஏழரை நிமிடத்துக்கு மேல் ஓடும் இது தனிப்பாட்டாக வெளியிடப்படவே இல்லை. ஜோயலிடம் முடிவு பெறாத மூன்று துண்டுகள் இருந்தன: ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக் கடைக் காட்சி, ஆய்ஸ்டர் பே ஊரைப் பற்றிய சின்னப் பாட்டு, பிரெண்டா, எடி என்ற ஜோடியின் கதை. 'ஆபி ரோடு' ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் பீட்டில்ஸ் அரைகுறைப் பாட்டுகளைக் கோத்து ஒன்றாக்கியது அவர் மனசில் இருந்தது. அதே மாதிரி இவரும் கோத்தார். ஜார்ஜ் மார்ட்டினை வேண்டாம் என்று சொன்னவர் அவரிடமிருந்து கற்ற பாடத்தை விட்டுவிடவில்லை.

பாட்டின் கட்டமைப்பைக் கவனித்துக் கேளுங்கள். முதலில் மெதுவான பியானோ. சிவப்பு ஒயினா வெள்ளை ஒயினா என்று ஆரம்பிக்கிறது பேச்சு. கார்னகி ஹாலுக்கு எதிரே இருந்த ஒரு கடையில் பரிமாறுபவர் கேட்டதிலிருந்து வந்த வரி என்கிறார் ஜோயல். பழைய நண்பர்கள் இருவர் வெகு நாள் கழித்துச் சந்தித்து, வேலை, வீடு, குடும்பம் என்று பேசிக்கொள்கிறார்கள். அக்கார்டியன் ஒலிக்கிறது. பிறகு சாக்ஸபோன் வேகம் பிடிக்க, கிளாரினெட்டும் டியூபாவும் சேர்ந்து பழைய நியூ ஆர்லியன்ஸ் தெரு இசையாகிவிடுகிறது. சட்டென்று எல்லாம் விலக, பியானோ மட்டும் தனியாக நின்று உருண்டு உருண்டு ஓடத் தொடங்குகிறது. அந்த இடம் எனக்கு ஒவ்வொரு முறையும் மயிர்க்கூச்செறிய வைப்பது. அந்த ஓட்டத்தின் மேல்தான் பிரெண்டாவும் எடியும் வருகிறார்கள்.

பள்ளியில் ராஜாவும் ராணியுமாக இருந்த ஜோடி. 1975 கோடையில் கல்யாணம். சேமித்த காசில் தடித்த கம்பளம், சியர்ஸ் கடையிலிருந்து இரண்டு ஓவியம், பெரிய தண்ணீர் மெத்தை. காசு தீர்ந்ததும் சண்டை, பிறகு விவாகரத்து. இந்தக் கதையை ஜோயல் அழுது பாடவில்லை. ஊர்க்கதை பேசுகிறவர் சாப்பாட்டு மேஜையில் கை ஆட்டிச் சொல்கிற உற்சாகத்தோடு, ராக் அண்ட் ரோல் வேகத்தில் சொல்கிறார். சொல்லி முடிந்ததும் இசை மறுபடி தணிந்து, சாப்பாட்டுக் கடை மேஜைக்கே திரும்புகிறது. அப்போதுதான் கேட்பவருக்கு உறைக்கிறது: மேஜையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதானோ? ஆரம்பத்தில் கேட்ட அதே ஒயின் வரிகள் இப்போது வேறு கனத்தோடு வருகின்றன.

தட்டைத் திருப்பிப் போட்டால் முதலில் வருவது 'வியன்னா'. இதற்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் கதை இருக்கிறது. ஜோயலின் தாத்தா கார்ல் ஜோயல் ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் துணி வியாபாரம் செய்த யூதர். தபால் வழியாகத் துணி விற்கும் பெரிய தொழில். நாஜிகள் ஆட்சியில் அதை அடிமாட்டு விலைக்கு ஜோசப் நெக்கர்மன் என்பவருக்குக் கொடுத்துவிட்டு ஓட வேண்டியதாயிற்று. ஸ்விட்சர்லாந்து, கியூபா வழியாகக் குடும்பம் நியூயார்க் வந்து சேர்ந்தது. ஜோயலின் அப்பா ஹோவர்டு நல்ல பியானோ வாசிப்பாளர். மகனுக்கு எட்டு வயது இருக்கும்போது குடும்பத்தை விட்டுப் பிரிந்து ஐரோப்பாவுக்குத் திரும்பி, வியன்னாவில் குடியேறிவிட்டார். வளர்ந்து ஆளான மகன் 70களில் அப்பாவைத் தேடிக் கண்டுபிடித்தார்.

வியன்னாவில் இருவரும் நடந்து போகும்போது வயதான பெண்மணி ஒருவர் தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்தார். இந்த வயதில் இவரை வேலை வாங்குகிறார்களே என்று ஜோயல் வருத்தப்பட்டார். அவருக்கு ஒரு வேலை இருக்கிறது, தெரு சுத்தமாகிறது, தான் இன்னும் பயன்படுகிறோம் என்ற திருப்தி அவருக்கு இருக்கிறது என்று அப்பா விளக்கினார். அமெரிக்காவில் முதியவர்களை ஓரம் தள்ளிவிடுகிறோம், இங்கே அப்படி இல்லையே என்ற எண்ணம் ஜோயலுக்குள் விழுந்தது. அதிலிருந்து வந்த பாட்டு இது. எல்லாவற்றையும் இன்றே முடிக்கத் துடிக்கும் இளைஞரிடம், மெதுவாகப் போ, எல்லாம் உனக்காகக் காத்திருக்கும் என்று சொல்கிறது. பியானோ அமைதியாக நடக்க, நடுவில் டாமினிக் கொர்ட்டீஸின் அக்கார்டியன் வருகிறது; ஐரோப்பியத் தெருவின் வாசனை அதோடு சேர்ந்தே வருகிறது. தன்னை விட்டுப் போன அப்பாவின் ஊரைப் பற்றி, கசப்பின் சுவடே இல்லாமல் எழுதியிருக்கிறார். எனக்கு இந்தப் பாட்டின் மேல் உள்ள மரியாதைக்கு அதுதான் காரணம்.

அடுத்து 'ஒன்லி த குட் டை யங்'. கத்தோலிக்கக் கட்டுப்பாட்டில் வளர்ந்த வர்ஜீனியா என்ற பெண்ணைக் காதலுக்கு இழுக்கும் வாலிபனின் வாதம். முதலில் ஜமைக்காவின் ரெகே பாணியில் போட்டிருந்தார்கள். டெவிட்டோவுக்கு அது சகிக்கவில்லை. அவர் சண்டை போட்டு இப்போதுள்ள துள்ளல் தாளத்துக்கு மாற்ற வைத்தார். 1978இல் தனிப்பாட்டாக வந்தபோது சில கத்தோலிக்கக் குழுக்கள் கண்டித்தன. நியூ ஜெர்சியின் சீட்டன் ஹால் பல்கலைக்கழக வானொலி தடை செய்தது. தடை செய்தி பரவப் பரவ விற்பனை ஏறியது. அதற்கடுத்த 'ஷீஸ் ஆல்வேஸ் எ வுமன்' இதற்கு நேர் எதிர். கிட்டாரில் விரலால் மீட்டுகிற நாட்டுப்புறப் பாடகரைப் போலப் பியானோவை மீட்டுகிறார் ஜோயல்; கனடாவின் கோர்டன் லைட்ஃபுட் தன் மனசில் இருந்ததாகச் சொல்லியிருக்கிறார். 'கெட் இட் ரைட் த ஃபர்ஸ்ட் டைம்' ஆல்பத்தின் பலவீனமான இடம். குழு நன்றாக வாசிக்கிறது, பாட்டு நினைவில் நிற்பதில்லை.

வெளியானதும் வானம் பிளந்துவிடவில்லை. மெல்லத்தான் ஏறியது. 1978 பிப்ரவரியில் 'சாட்டர்டே நைட் லைவ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஜோயல் பாடியதும், 'ஜஸ்ட் த வே யூ ஆர்' வானொலியில் ஓயாமல் ஒலித்ததும் வேகத்தைக் கூட்டின. இந்த ஆல்பத்திலிருந்து நான்கு பாட்டுகள் அமெரிக்காவின் முதல் 25 இடங்களுக்குள் வந்தன. ஜப்பானில் தலைப்புப் பாட்டே தனியாகப் பெரிய வெற்றி பெற்றது. ஆல்பம் அமெரிக்காவில் ஆறு வாரம் இரண்டாம் இடத்தில் நின்றது. முதல் இடத்தை 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படத்தின் டிஸ்கோ ஆல்பம் மாதக்கணக்கில் பிடித்து வைத்திருந்தது. கொலம்பியா நிறுவனத்தில் அதுவரை அதிகம் விற்றிருந்த சைமன் அண்ட் கார்ஃபங்கலின் 'பிரிட்ஜ் ஓவர் ட்ரபிள்டு வாட்டர்' ஆல்பத்தையும் இது தாண்டியது.

விமர்சகர்கள்? அங்கேதான் மனசு கொஞ்சம் கசக்கிறது. நல்லபடி எழுதியவர்களும் உண்டு. ஆனால் ராபர்ட் கிறிஸ்ட்காவ் என்ற விமர்சகர் பி மைனஸ் மதிப்பெண் போட்டு, ஜோயலை ஒரு காலத்தில் கலகம் செய்து இன்னும் சகிப்புத்தன்மையோடு இருக்கும் மாமாவோடு ஒப்பிட்டு முடித்துக்கொண்டார். பங்க் இசையின் கோபம் புதுசாக இருந்த காலம். புறநகர்ப் பையன் கட்டுக்கோப்பான மெட்டுகளில் மளிகைக் கடைக்காரரைப் பற்றிப் பாடுவது பல விமர்சகர்களுக்குப் பழசாகத் தெரிந்தது. ஜோயலும் பொறுமைசாலி அல்ல. பிடிக்காத விமர்சனங்களை மேடையிலேயே கிழித்துப் போட்டார். அது அவருக்கு நல்லது எதையும் செய்யவில்லை. விமர்சகர்கள் சொன்னதில் கொஞ்சம் நியாயமும் உண்டு: ஜோயலுக்கென்று ஒரே பாணி கிடையாது, பாட்டுக்குப் பாட்டு யாரோ ஒருவரின் சட்டையைப் போட்டுக்கொள்வார். ஆனால் இந்த ஆல்பத்தின் பேச்சே அதுதானே? முகமூடிகளைப் பற்றிய ஆல்பத்தில் ஒருவர் ஒன்பது பாட்டுக்கு ஒன்பது முகம் காட்டினால் அதைக் குறையாக எண்ண எனக்கு மனம் வரவில்லை. பிற்காலத்தில் பார்வை மாறியது. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2003இல் வெளியிட்ட 500 சிறந்த ஆல்பங்களின் பட்டியலில் இதற்கு 67ஆம் இடம் கொடுத்தது. 2020 பட்டியலில் அது 169ஆகக் குறைந்தது.

இதே குழு, இதே தயாரிப்பாளரோடு அடுத்த வருடமே '52ஆம் தெரு' என்ற பெயரில் ஓர் ஆல்பம் வந்து முதல் இடத்தைப் பிடித்தது. 1982 அக்டோபரில் ஜப்பானில் கடைக்கு வந்த முதல் சிடிக்களில் அதுவும் ஒன்று. ஜார்ஜ் மார்ட்டினிடம் விட்டுக்கொடுக்காமல் காத்த அந்தக் குழுவும் என்றென்றைக்கும் நீடிக்கவில்லை. 80களின் கடைசியில் ஸ்டெக்மையர் விலக்கப்பட்டார். 1995இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். டெவிட்டோவும் பின்னாளில் வெளியேறி, 2009இல் தனக்குச் சேர வேண்டிய பங்கு வரவில்லை என்று ஜோயல் மீது வழக்குப் போட்டார். அது சமரசத்தில் முடிந்தது. இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் கஷ்டமாக இருக்கிறது. ஒன்றாக வாசித்த ஒலி தட்டில் அப்படியே இருக்கிறது, வாசித்தவர்கள் ஒன்றாக இல்லை.

'வியன்னா' மட்டும் தனி வழியில் போனது. 1977இல் யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2004இல் ஒரு ஹாலிவுட் படத்தில் ஒலித்த பிறகு, ஆல்பம் வந்தபோது பிறக்கவே பிறக்காத இளைஞர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். இன்று ஸ்ட்ரீமிங்கில் ஜோயலின் மற்றப் பெரிய பாட்டுகளுக்கு ஈடாக நிற்கிறது. படிப்பு, வேலை, போட்டி என்று இருபது வயதிலேயே மூச்சுவாங்கும் ஒரு தலைமுறைக்கு, மெதுவாகப் போ என்று யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆல்பத்தை முழுசாகக் கேட்கிறவர்களுக்கு ஒரு விஷயம். கடைசிப் பாட்டு 'எவ்ரிபடி ஹேஸ் எ ட்ரீம்' தேவாலயக் கூட்டுப்பாட்டு மாதிரிப் பொங்குகிறது. ஃபீபி ஸ்னோ உட்பட நான்கு பெண் குரல்கள், ரிச்சர்டு டீயின் ஆர்கன். அது ஓய்ந்ததும் தட்டை எடுத்துவிடாதீர்கள். கொஞ்சம் மௌனம். அப்புறம் அந்தப் பழைய பியானோ மறுபடி மெதுவாக வருகிறது. அதற்கு மேலே, தூரத்தில் யாரோ தனியாக நடந்து போகிற மாதிரி, அந்தச் சீழ்க்கை.